துணியில் தெரியும் ரீடு கோட்டை நீர்த்தாரையால் மறைக்க முடியுமா?

நகரி விசைத்தறி:
வணக்கம். நகரி ஏகாம்பரகுப்பத்தில் விசைத்தறி வைத்திருக்கிறேன். 40-ஆம் நம்பர் பருத்தி நூலில் நாங்கள் நெய்யும் வெள்ளைத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பாவு நூல்கள் (நீளவாக்கில் ஓடுபவை) இரண்டிரண்டாக நெருங்கி நின்று, நடுவே ரீடு கோடு, அதாவது தறியில் சீப்பு போலிருக்கும் ரீடு விட்ட இடைவெளி, தெரிகிறது. வியாபாரி அதைக் காட்டியே விலையைக் குறைக்கிறார். பிக்கை, அதாவது குறுக்கே ஓடும் ஊடை நூல்களின் எண்ணிக்கையை, கூட்டினால் நூல் செலவு கட்டுப்படியாகாது. நெய்த துணியின் மேல் உயர் அழுத்தத்தில் நீரைப் பாய்ச்சி இந்த இடைவெளியை அடைக்கலாம் என்கிறார்களே, அது எங்கள் துணிக்குப் பொருந்துமா? உருளைகளுக்கு இடையே அழுத்தும் கேலண்டர் போட்டாலே போதாதா?

ஈரோடு பிராசஸிங்:
பொருந்தும் ஐயா. வாட்டர்ஜெட் தறி வேறு, இது வேறு. அங்கே நீர் ஊடையைக் கொண்டுசெல்கிறது, இங்கே நெய்து முடித்த துணியின் மேல் விழுகிறது. நுண்ணிய கம்பி வலையின் மீது துணியை ஓடவிட்டு, சுமார் 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைகள் வழியே நீரைப் பீய்ச்சும்போது, நூல் சற்றே பருத்துப் பரவி, அதன் இழைகள் அடுத்த நூலின் இழைகளோடு பின்னிக்கொள்கின்றன. ஈரத் துடைப்பான்களுக்கான நெய்யாத் துணியும் இதே தத்துவத்தில்தான் உருவாகிறது. வலைக்கு அடியிலிருந்து நீரை உடனுக்குடன் உறிஞ்சி எடுப்பது மிக முக்கியம். தேங்கிய நீர் தாரையின் வேகத்தைத் தின்றுவிடும்.

கேலண்டர் நூலை நசுக்கி மினுக்குகிறது. அந்த மினுக்கம் சலவையில் குறைந்துவிடும். இங்கே இழைகளே இடம் மாறுவதால் பலன் கூடுதலாக நிலைக்கும். வெட்டிய ஓரமும் எளிதில் பிரியாது.

பள்ளிப்பட்டு நெசவு:
அண்ணா, நெய்வதற்கு முன் பாவுக்குப் போட்ட கஞ்சி போன பிறகே இதைச் செய்ய வேண்டும். கஞ்சி ஒட்டிய பாவில் இழைகள் அசையாது. முறுக்கு அதிகமான நூலிலும், தனி இழை முனைகளே இல்லாத பாலியஸ்டர் ஃபிலமென்ட்டிலும் பலன் குறைவு. பாவு அறுந்த இடத்தையோ பிக்கு விடுபட்ட இடத்தையோ எந்தத் தாரையும் சரிசெய்யாது.

நீரின் தரத்தில்தான் என் கவலை முழுவதும் இருக்கிறது. ஒரே ஒரு துளையில் தூசியோ உப்புப் படிவமோ அடைத்தால், துணியின் நீளவாக்கில் புதிதாக ஒரு கோடு விழும். ரீடு கோட்டை மறைக்கப் போய் இன்னொரு கோட்டை வாங்கிவந்த கதையாகிவிடும். ஆகவே நன்கு வடிகட்டிய மென்னீர் வேண்டும், அதையே மறுபடி சுழற்சியில் விட வேண்டும். பம்புக்கு மின்சாரம், பிறகு உலர்த்தும் செலவு ஆகியவையும் சேரும். சில தறிகளை நம்பி இயந்திரம் வாங்குவது தகாது.

நகரி விசைத்தறி:
இருவருக்கும் நன்றி. கூலிக்குச் செய்துதரும் ஆலை கிடைத்தால் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்?

ஈரோடு பிராசஸிங்:
ஒரே பாவிலிருந்து கஞ்சி நீக்கிய இரண்டு துண்டுகளை எடுத்து, ஒன்றை மட்டும் இருபுறமும் தாரையில் விடச் சொல்லுங்கள். இரண்டிலும் காற்று ஊடுருவலையும் கிழிவு வலிமையையும் அளந்து பாருங்கள். நூல்கள் ஒன்றோடொன்று பிணைவதால் கிழிவு வலிமை குறைய வாய்ப்புண்டு. வலையின் தடம் பதிந்திருக்கிறதா என்பதைச் சாயம் போட்ட பிறகு பாருங்கள். வெள்ளையில் அது கண்ணுக்குத் தப்பிவிடும்.