10,363: சாதனையா, 1999-க்குப் பிந்தைய கணக்கா?

கணக்கன்:
அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்-இல் ஆடிய கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் இடது டாக்கிள் (பந்தை எறிபவரைக் காக்கும் தடுப்பாளர்) ஜோ தாமஸ் பற்றி ஏரிக்கரையான் நேற்று எழுதியதைப் படித்து எரிச்சலில் எழுதுகிறேன். "தொடர்ந்து 10,363 ஸ்நாப், லீக் தோன்றிய நாள் முதல் எவரும் செய்யாதது" என்கிறார். ஸ்நாப் என்பது ஒவ்வொரு நகர்வையும் தொடங்கப் பந்தைப் பின்னுக்கு அனுப்புவது. லீக் தோன்றியது 1920-இல். ஸ்நாப்களை எண்ணத் தொடங்கியது 1999-இல். நடுவிலுள்ள 79 ஆண்டுகளை இவர் எந்த ஏரியில் கரைத்தார்?

ஏரிக்கரையான்:
2007-இல் களமிறங்கியவர், 2017 அக்டோபர் 22 அன்று டென்னசி டைட்டன்ஸுடன் ஆடுகையில் இடது கையின் பின்தசை கிழியும் வரை, தம் அணி பந்தை வைத்திருந்த ஒரு ஸ்நாப்பைக்கூட வெளியே அமர்ந்து பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குகள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அவர் மட்டும் நகரவில்லை. எண்ணப்பட்டவற்றுள் அவரே முதல்வர். எண்ணப்படாததை எப்படி ஒப்பிடுவது?

கணக்கன்:
அப்படியானால் "எண்ணப்பட்டவற்றுள்" என்று நேற்றே எழுதியிருக்க வேண்டும். மினசோட்டா வைகிங்ஸின் சென்டர் (பந்தைப் பின்னுக்கு அனுப்புபவர்) மிக் டிங்கல்ஹாஃப் 1962 முதல் 1978 வரை 240 ஆட்டங்களைத் தொடர்ந்து தொடக்க வரிசையில் நின்று தொடங்கினார். ஆட்டத்துக்கு 50 ஸ்நாப் என்று கஞ்சத்தனமாகப் போட்டாலும் 12,000 வருகிறது. கல்வெட்டு கிடைக்கவில்லை என்பதால் அந்த மன்னன் ஆளவே இல்லை என்பீர்களா?

ஏரிக்கரையான்:
கல்வெட்டு இல்லாத மன்னனுக்கு ஆட்சியாண்டை நீங்களே பொறித்துக் கொடுக்கிறீர்கள், ஐயா. ஆட்டத்தைத் தொடங்குவது வேறு, ஒரு ஸ்நாப்பும் விடாமல் ஆடி முடிப்பது வேறு. வெற்றி உறுதியான கடைசி நிமிடங்களில் டிங்கல்ஹாஃபை ஒருமுறைகூட உட்கார வைக்கவில்லை என்று உங்களால் சொல்ல முடியுமா?

தெற்குவாசல்:
ஒரு சிறு ஐயம். கள கோல் முயற்சியில் (பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு இடையே செலுத்துவது) பந்து பின்னுக்கு அனுப்பப்படுவதும் இந்தக் கணக்கில் சேருமா? எதை ஸ்நாப் என்கிறோம் என்று முதலில் வரையறுத்துக்கொண்டால் நல்லது.

கணக்கன்:
உட்கார வைத்தார்கள் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். லீக் எண்ணத் தொடங்கியது 1999-இல் என்பதை இதுவரை நீங்கள் மறுக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

நான்காம்கால்:
இருவரும் எண்ணிக்கொண்டே இருங்கள். அவர் ஆடிய 167 ஆட்டங்களில் பிரவுன்ஸ் வென்றவை 48, தோற்றவை 119. முதல் ஆண்டில் 10 ஆட்டங்களை வென்றும் பிளே ஆஃப் (பருவ முடிவின் வெளியேற்றுச் சுற்று) கிட்டவில்லை. அதன் பிறகு அவர் காலத்தில் அது வாய்க்கவே இல்லை. வீடு இடிந்து கிடக்க, வாசற்கதவின் உறுதியைப் புகழ்கிறீர்கள்.

ஏரிக்கரையான்:
வீடு இடிந்தது கதவின் குற்றமா? தோற்ற அணியில் இருந்துகொண்டே பத்து முறை ப்ரோ பவுலுக்கு (பருவத்தின் சிறந்த வீரர்களுக்கான ஆட்டம்) தேர்வானார். 2023-இல் தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே ஹால் ஆஃப் ஃபேமில் (ஓய்வுபெற்ற மாபெரும் வீரர்களுக்கான கௌரவப் பட்டியல்) இடம் கொடுத்தார்கள். 2015-இல் டென்வர் அணிக்கு அவரை மாற்றும் பேச்சு கைகூடியிருந்தால், அந்தப் பருவத்தில் அந்த அணி வென்ற சூப்பர் பவுல் (லீக்கின் இறுதிப் போட்டி) மோதிரம் அவர் விரலில் இருந்திருக்கும்.

கணக்கன்:
"இருந்திருக்கும்" என்பதும் கணக்கில் சேராது. மேலும், 2007 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஜோ தாமஸ்தான் முதல் தேர்வு என்று போன மாதம் சாதித்தவர் நீங்கள். முதலில் ஜமார்கஸ் ரஸ்ஸல், அடுத்து கால்வின் ஜான்சன், மூன்றாவதாகத்தான் இவர் என்று நான் திருத்தியதற்கு இன்றுவரை ஒரு நன்றிகூட வரவில்லை.

ஏரிக்கரையான்:
டிராஃப்ட் நாளில் ஜோ தாமஸே அது நடந்த நியூயார்க் மேடையைப் பொருட்படுத்தாமல் மிச்சிகன் ஏரியில் தந்தையோடு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கே இல்லாத வரிசைக் கவலை உங்களுக்கு எதற்கு?

நான்காம்கால்:
மீன் பிடித்த பொறுமைதான் கிளீவ்லாந்தில் பதினோரு ஆண்டுகள் இருக்க உதவியிருக்கிறது.

தெற்குவாசல்:
என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.

கணக்கன்:
பேச்சை ஏரிக்குத் திருப்ப வேண்டாம். வைகிங்ஸின் பழைய ஆட்டக் குறிப்புகளைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாக எண்ணப் போகிறேன்.

ஏரிக்கரையான்:
பதினேழு பருவங்களையும் எண்ணி முடித்துவிட்டு வாருங்கள். அதுவரை சாதனை 10,363 என்றே இருக்கும்.

கணக்கன்:
1999-க்குப் பிந்தைய சாதனை என்று திருத்தி எழுதுங்கள்.