அல்சூர் குடும்பக் குழு: மூன்றாம் சிலிண்டரின் சூடு

மாறன், சனி காலை 7:12
பெரியப்பா, நேற்று எங்கள் விமானம் நான்காவது முறையாகப் பறந்தது. மேலேறும்போது மூன்றாம் சிலிண்டரின் தலை வெப்பம் 238 டிகிரி செல்சியஸைத் தொட்டதால், ஓட்டியவர் விசையைக் குறைத்து, மூக்கைத் தாழ்த்தி, ஒரு சுற்றோடு இறங்கிவிட்டார். மற்ற மூன்றும் 204க்கும் 216க்கும் இடையில்தான் இருந்தன. லைகாமிங் ஓ-320 எஞ்சினுக்கு எல்லை 260 என்றாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. முன்புறக் காற்றுத் துளைகள் இரண்டையும் அரத்தால் கொஞ்சம் பெரிதாக்கிவிடலாமா?

ராமலிங்கம் பெரியப்பா, 7:40
அரத்தைக் கீழே வை. 260 என்பது தாண்டக் கூடாத கோடு. அன்றாடம் குடியிருக்க வேண்டிய இடம் அன்று. சிலிண்டர் நெடுநாள் உழைக்க வேண்டுமானால் நிலையாகப் பறக்கையில் 224க்குள் வைக்கும்படி தயாரிப்பாளரே சொல்கிறார், 205க்குள் இருந்தால் இன்னும் நல்லது. துளை சிறிதென்றால் நான்கும் சேர்ந்தல்லவா சுட வேண்டும்? ஒன்று மட்டும் சுடுகிறதென்றால், முதலில் சூடு மெய்தானா என்று பார். மூன்றாம் சிலிண்டரின் வெப்ப உணரியைக் கழற்றி முதலாவதில் மாட்டு, அதை இதில் மாட்டு. சூடு உணரியோடு இடம் மாறினால் குற்றம் உணரியுடையது. பிளக்கின் அடியில் வளையமாகச் செருகும் உணரி, தலையில் திருகும் உணரியைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதால், நான்கும் ஒரே வகைதானா என்பதையும் உறுதி செய்துகொள்.

சுந்தரி அத்தை, 8:05
அண்ணா, நம் காரில் இருப்பதுபோல ரேடியேட்டர் வைத்துத் தண்ணீரால் குளிர்வித்தால் இந்தத் தொல்லையே இருக்காதே?

ராமலிங்கம் பெரியப்பா, 8:19
அப்படியும் உண்டு, சுந்தரி. நம் ஊரிலேயே உருவாகி 1993இல் முதன்முதலாகப் பறந்த ஹன்சா என்ற சிறு விமானத்தில் இப்போது பொருத்தும் ரோட்டாக்ஸ் எஞ்சினில் சிலிண்டர் தலைகளைத் திரவமும் சிலிண்டர் உடலைக் காற்றும் குளிர்விக்கின்றன. மாறனுடையது முழுக்கக் காற்றை நம்பியது. முன்னால் நுழையும் காற்று எஞ்சினுக்கு மேலே தேங்கி அழுத்தம் பெற்று, சிலிண்டரின் வெளிப்புறத்தில் சூட்டை வெளியேற்றும் மெல்லிய ஃபின்களுக்கு (செதில் தகடுகளுக்கு) இடையே கீழே இறங்கி, வயிற்றுப் பக்கமாக வெளியேற வேண்டும். சுற்றிலும் உள்ள தடுப்புத் தகட்டில் ஓர் ஓட்டை இருந்தாலும், காற்று சிலிண்டரைத் தொடாமல் அதன் வழியே நழுவிவிடும்.

கயல், 8:31
அப்பா, நம் பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றும் அடர்த்தி குறைந்ததுதானே, அதுவும் காரணமாகாதா?

ராமலிங்கம் பெரியப்பா, 8:44
ஆகும். ஆனால் அந்தக் குறை நான்கு சிலிண்டருக்கும் பொது.

மாறன், இரவு 9:26
உணரிகளை மாற்றி மாட்டி, எஞ்சின் மூடியைப் போட்டு, காற்றை எதிர்நோக்கி நிறுத்திச் சிறிது நேரம் மட்டும் ஓட்டினோம். மூன்றாவதுதான் மீண்டும் முந்துகிறது. இருட்டிய பிறகு மூடியின் கீழ்ப்பகுதிக்குள் விளக்கை வைத்து, முன்துளை வழியாகப் பார்த்தபோது, பின்தகட்டின் மூலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. தகட்டுக்கும் மூடிக்கும் நடுவே காற்றை அடைக்கும் ரப்பர் பட்டையும் ஓரிடத்தில் பின்புறமாக மடங்கிக் கிடக்கிறது.

ராமலிங்கம் பெரியப்பா, 9:50
பட்டை முன்னோக்கி, உட்புறமாக வளைந்திருந்தால்தான் காற்றின் அழுத்தமே அதை மூடியோடு சேர்த்து அழுத்தும். பின்னால் மடங்கினால் அதுவே கதவாகிவிடும். இன்னொன்றையும் பார். இந்த எஞ்சினில் மூன்றாம் சிலிண்டரின் பின்பக்க ஃபின்கள் மிகவும் குட்டையானவை. அங்கே தகடு ஒட்டி நின்றால் காற்று இறங்க வழியே இல்லை. தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு வாஷரைச் செருகிச் சற்றே இடைவெளி விடு. இதே வம்பு இரண்டாம் சிலிண்டரின் முன்பக்கத்திலும் உண்டு.
அதற்குப் பிறகும் சுட்டால் உள்ளிழுப்புக் குழாயின் இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டைப் பார். அங்கே காற்று கசிந்தால் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் எரிபொருள் குறைந்த கலவை போகும். பிளக்குக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோவின் பொறி நேரத்தை எஞ்சினின் தகவல் தகட்டில் பொறித்துள்ள டிகிரியோடு ஒப்பிடு. ஆனால் ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான், மறக்காதே.

மாறன், புதன் மாலை 6:18
ஓட்டையைச் சிலிக்கான் பசையால் அடைத்து, பட்டையைத் திருப்பி, வாஷரும் செருகிப் பறந்தோம். அதே வேகத்தில், அதே வெயிலில் மேலேறியபோது மூன்றாவது 215, மற்றவை 202 முதல் 211 வரை. எண்ணெய் வெப்பமும் 112இலிருந்து 106க்கு இறங்கியது.

ராமலிங்கம் பெரியப்பா, 6:35
மகிழ்ச்சிதான், ஆனால் மூன்றையும் ஒன்றாகச் செய்துவிட்டாயே! புதிய எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு பழகப் பழக வெப்பம் தானாகவும் இறங்கும் என்பதால், எது எவ்வளவு உதவியது என்று இனி யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. எண்ணெய்ச் செலவு நிலைப்படும்வரை சேர்மானம் கலக்காத மினரல் எண்ணெயிலேயே ஓட்டு. மெதுவாக ஓட்டினால் ரிங் பழகாது, 65 முதல் 75 சதவீத விசையில் வை. தரையில் நெடுநேரம் ஓட விடாதே.

மாறன், 6:41
அப்படியானால் முன்துளையை இனித் தொடவே வேண்டாமா?

ராமலிங்கம் பெரியப்பா, 6:58
வேண்டாம். சூடேறிய காற்று விரிவதால் வெளியேறும் வாய் நுழையும் வாயைவிடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும்; அது அடைபட்டிருக்கையில் முன்துளையை அகட்டினால் காற்று உள்ளே போகாமல் வெளியே வழியும், இழுவைதான் கூடும். அடுத்த பறப்பில் சிலிண்டருக்கு மேலும் கீழும் குழாய் வைத்து அழுத்த வேறுபாட்டை அளந்து எழுது. வேகமானி 100 நாட் (மணிக்கு ஏறத்தாழ 185 கிலோமீட்டர்) காட்டும்போது எதிர்க்காற்றின் முழு அழுத்தமே ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்தான். அதில் எவ்வளவு உன் சிலிண்டருக்குக் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.