மறு: 'ஆர்ட்டிசனல் மைனிங்' – கைவினைச் சுரங்கம் வேண்டாம், கையகழ்வு எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

மூன்று நாளாக ஓடும் இந்த இழையில் நான் ஒன்றும் எழுதவில்லை. சொல்லைத் தேடுமுன் பொருளை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன். மின்வாகன மின்கலத்தின் மூலப்பொருள்கள் பற்றிய கட்டுரைக்கு லித்தியம், நிக்கல், கிராஃபைட் மூன்றுக்கும் சொற்பட்டியல் முடிந்துவிட்டது. கோபால்ட்டில் ஒரே ஒரு சொல்லில் நிற்கிறோம்: பெரும்பொறிகள் இன்றி ஆட்கள் கைக்கருவிகளால் கனிமம் தோண்டி எடுப்பதைக் குறிக்கும் 'ஆர்ட்டிசனல் மைனிங்'. நின்று யோசிக்க வேண்டிய இடம் அதுதான்.

> கைவினைச் சுரங்கம் என்றே போட்டுவிடலாம். இணையத்தில் அதுதான் புழங்குகிறது. புதுச்சொல் எதற்கு?

இதை எழுதிய தம்பிக்கு: புழக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 'கைவினை' என்றவுடன் உங்கள் கண்முன் என்ன வருகிறது? எனக்குச் சுவாமிமலைப் படிமமும் தஞ்சாவூர்த் தட்டும் பத்தமடைப் பாயும் வருகின்றன. அப்பனிடம் மகன் கற்ற வேலை, விரலில் ஏறிய பழக்கம், செய்தவரே நின்று பார்த்து மகிழும் பொருள் என்று எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

இப்போது கொல்வேசிக்குப் போவோம். காங்கோ ஜனநாயகக் குடியரசின் தென்கிழக்கில், லுவாலபா மாகாணத்தின் தலைநகர். உலகில் வெட்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் 70 விழுக்காட்டுக்கு மேல் அந்த நாட்டிலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி கொல்வேசியைச் சுற்றிய மண்ணிலிருந்து. அங்கே கசூலோ என்றொரு குடியிருப்பு. 2014இல் அங்கே ஒருவர் தம் வீட்டிடத்தில் குழி தோண்டியபோது ஹெட்டரோஜெனைட் என்னும் கறுத்த கோபால்ட் கனிமம் வெளிப்பட்டது. செய்தி பரவியதும் தெருவே தோண்டத் தொடங்கியது. முற்றத்தில் தோண்டினார்கள், சிலர் படுக்கையறைத் தரையைப் பெயர்த்துத் தோண்டினார்கள். கடப்பாரை, சுத்தியல், மண்வெட்டி, நெற்றியில் கட்டிய டார்ச், இறங்க ஒரு கயிறு, மேலே இழுக்க ஒரு சாக்கு. தாங்குமரம் இல்லாத கிணறு போன்ற குழி. அடியில் கனிமம் போன பக்கமெல்லாம் பக்கவாட்டில் வளை. 30 மீட்டருக்கு மேல் ஆழம் போகக்கூடாது என்கிறது அந்நாட்டு விதி. கனிமம் அதற்குக் கீழேயும் போனால் ஆளும் போகிறார்.

மேலே வந்த கனிமத்தை ஓடையிலும் குட்டையிலும் நின்று அலசித் தரம் பிரிப்பவர்களில் பெண்களும் பிள்ளைகளும் நிறைய. அந்தத் தென்பகுதிச் சுரங்கங்களில் ஏறத்தாழ 40,000 சிறார் வேலை செய்வதாக யூனிசெஃப் 2014இல் மதிப்பிட்டது. 2016இல் மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி இன்டர்நேஷனல் இதைப் பற்றி வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகுதான் கார், கைப்பேசி நிறுவனங்கள் தங்கள் கோபால்ட் எங்கிருந்து வருகிறது என்று வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தன. 2019 ஜூனில் கொல்வேசியின் ஒரு பெருஞ்சுரங்கத்துக்குள் புகுந்து தோண்டிக்கொண்டிருந்தவர்கள்மேல் மண் சரிந்ததில் குறைந்தது 36 பேர் இறந்தார்கள்.

இந்த வேலைக்குக் 'கைவினை' என்று பெயர் வைத்துவிட்டு அடுத்த வரியில் மண்சரிவைப் பற்றி எழுதினால், நம் வாசகர் இரண்டையும் எப்படிச் சேர்த்துப் படிப்பார்? அந்தச் சொல் பொய் சொல்லவில்லை, ஆனால் இடத்தை மறைத்துவிடுகிறது. அதனால்தான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

> மூலமொழியிலேயே ஆர்ட்டிசன் என்றுதானே இருக்கிறது? ஆர்ட்டிசன் என்றால் கைவினைஞர். பிழை நம்முடையதல்லவே.

நூலகர் ஐயா கேட்ட இந்தக் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஐயா, காங்கோவின் ஆட்சிமொழி பிரெஞ்சு. சுரங்கச் சட்டமும் பிரெஞ்சில்தான் இருக்கிறது. பிரெஞ்சில் 'ஆர்ட்டிசனல்' என்பதற்கு எதிர்ச்சொல் 'இண்டஸ்ட்ரியல்'. ரொட்டிக்கும் அப்படித்தான், மீன்பிடிக்கும் அப்படித்தான். 2002ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் தொழிலை வரையறுக்கும்போது, பெருந்தொழில் சாராத கருவிகளாலும் முறைகளாலும் கனிமம் எடுத்துச் செறிவூட்டுவது என்ற பொருளில்தான் சொல்கிறது. கலை, நுட்பம், மரபு எதுவும் அந்த வரையறையில் இல்லை. ஆகவே அங்கே 'ஆர்ட்டிசனல்' என்பது 'ஆலை சாராத' என்று பிரித்துக்காட்டும் சொல் மட்டுமே. நம்மிடம் வந்தபோது அது புகழ்ச்சொல்லாகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது என்னை நெகிழ வைத்த செய்தி. கொல்வேசி அடங்கிய அதே கட்டங்கா மண்ணில் மெய்யான கைவினை இருந்தது. ஐரோப்பியர் வருமுன்பே அங்கே மலக்கைட் என்னும் பச்சைநிறச் செம்புக் கனிமத்தை மரக்கரியோடு உலையிலிட்டுச் செம்பு உருக்கியவர்கள் உண்டு. 'செம்பு உண்பவர்' என்பது அவர்களுக்குப் பெயர். அவர்கள் வார்த்த சிலுவை வடிவச் செம்புக் கட்டிகள் பணமாகக் கைமாறின. கைவினை என்ற சொல்லை அவர்களுக்காக வைத்திருப்போம். இன்று குழிக்குள் இறங்கும் இளைஞர் அவர்களிடம் தொழில் கற்றவர் அல்லர். 1982இல் அந்நாளைய அதிபர் மொபுட்டுவின் அரசு பொன்னையும் வைரத்தையும் தனியாட்கள் தோண்ட அனுமதித்தது. பிறகு, 1980களில் ஆண்டுக்கு 4 லட்சம் டன்னுக்கு மேல் செம்பு எடுத்துக்கொண்டிருந்த ஜெக்காமின் என்ற அரசு நிறுவனம் 90களில் நொடித்துப் போனது, போரும் வந்தது. சம்பளம் நின்ற சுரங்கத் தொழிலாளியும் விளைச்சலுக்கு விலை கிடைக்காத விவசாயியும் கைவிடப்பட்ட குழிகளுக்குள் கடப்பாரையோடு இறங்கினார்கள். வயிற்றுப்பாட்டுக்காக வந்த வேலை. 'மரபுவழிச் சுரங்கம்' என்று ஒருவர் முன்மொழிந்திருந்தாரே, அதையும் இதே காரணத்துக்காகத்தான் மறுக்கிறேன்.

> 'எலிவளைச் சுரங்கம்' எல்லாருக்கும் தெரிந்த சொல். அதையே எடுத்துக்கொள்ளலாம்.

2023 நவம்பரில் உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதையில் சிக்கிய 41 பேரை மீட்டபோது இந்தச் சொல் நம் நாளிதழ்களில் நிலைத்தது. கடைசிச் சில மீட்டர்களைக் கையால் குடைந்து வழி திறந்தவர்கள் எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள். ஆனால் எலிவளை என்பது மேகாலய நிலக்கரிச் சுரங்கத்தில் ஆள் தவழ்ந்து போகும் குறுகிய வளையின் வடிவத்தைச் சொல்வது. ஆற்று மணலில் பொன் அலசுவதும், திறந்த குழியின் சரிவில் நின்று பாறை பெயர்ப்பதும் 'ஆர்ட்டிசனல்' தான். அங்கே வளையே கிடையாது. உலக வங்கியின் 2020 மதிப்பீட்டின்படி 80 நாடுகளில் சுமார் 4.5 கோடிப் பேர் இந்தத் தொழிலிலும் இதை ஒட்டிய சிறு சுரங்கங்களிலும் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் எலியோடு சேர்த்துச் சொல்லும் ஒரு பெயர்ச்சொல்லை நம் பட்டியலில் ஏற்ற எனக்கு மனமில்லை.

'கள்ளச் சுரங்கம்', 'முறைசாராச் சுரங்கம்' இரண்டும் வேறு கேள்விக்கான விடைகள். காங்கோவில் அரசு அட்டை வாங்கி, அரசு ஒதுக்கிய மண்டலத்தில் தோண்டுபவர் உண்டு. அட்டையின்றி நிறுவன நிலத்துக்குள் புகுபவரும் உண்டு. இருவர் செய்வதும் ஒரே வேலை. சொல் வேலையைக் குறிக்கட்டும். உரிமம் உண்டா இல்லையா என்பதை அடைமொழி சொல்லட்டும்.

இனி என் முன்மொழிவு: கையகழ்வு.

இதன் பாதி, சொல்லப்போனால் பாதிக்கு மேலேயே, திருகோணமலை அக்கா தந்தது. அவர் எழுதியிருந்தார்:

> எங்கட பக்கம் பேப்பரில எப்பவும் 'மணல் அகழ்வு', 'இரத்தினக்கல் அகழ்வு', 'கருங்கல் அகழ்வு' எண்டுதான் வரும். நீங்கள் ஏன் எல்லாத்தையும் 'சுரங்கம்' எண்டு சொல்லுறியள்? மணலுக்கு என்ன சுரங்கம்?

அக்கா, நீங்கள் கேட்டது சரி. தமிழ்நாட்டில் நாங்கள் 'மணல் அள்ளுவது' என்போம், கோபம் வந்தால் 'மணல் கொள்ளை' என்போம். தொழிலாகச் சொல்லும்போது எல்லாவற்றையும் 'சுரங்கம்' என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுவிடுகிறோம். சுரங்கம் என்றால் இடம். அகழ்வு என்றால் செயல். நமக்கு வேண்டியது செயலின் பெயர். இந்த இழை இவ்வளவு நீண்டதற்குக் காரணமே, இடத்தின் பெயருக்கு முன்னால் அடைமொழி தேடிக்கொண்டிருந்ததுதான்.

இலங்கையின் இரத்தினபுரியில் இரத்தினக்கல் எடுக்கும் குழிகளை நீங்கள் நினைவூட்டியதும் பெரிய உதவி. மரச்சட்டம் கொடுத்துக் கையால் வெட்டும் குழிகள். ஆனால் ஊற்றுநீரை இறைக்க மோட்டார் ஓடுகிறது. 'கை' என்று போட்டால் இயந்திரமே கூடாது என்று ஆகிவிடாதா என்று ஒருவர் கேட்டிருந்தார் அல்லவா, அதற்கு விடை அங்கேயே இருக்கிறது. நீர் இறைக்க மோட்டார் வைத்தாலும் மண்ணை வெட்டுவது கைதான்.

'கை' என்ற முன்னொட்டுக்கு இன்னொரு துணையும் உண்டு. கைத்தறி, விசைத்தறி. இந்த இணை கருவியை மட்டும் சொல்லவில்லை. இரண்டு வேறு பொருளாதாரங்களைச் சொல்கிறது, சட்டமே இரண்டையும் பிரித்துப் பார்க்கிறது. கையகழ்வுக்கு எதிரே 'பெருஞ்சுரங்கம்' நின்றால் அதே தெளிவு கிடைக்கும். காங்கோ சட்டமும், பெருந்தொழில் முறையில் எடுக்க ஏற்றதல்லாத நிலத்தைத்தான் கையகழ்வு மண்டலமாக அறிவிக்கச் சொல்கிறது. 'கைமுறைச் சுரங்கம்' எனக்கு இரண்டாவது தெரிவு. அதில் பிழை இல்லை. ஆனால் 'கைமுறை' என்றால் 'தானியங்கியின் எதிர்' என்றே இப்போது பழகிவிட்டது, கியர் பெட்டி வரைக்கும்.

சொல்லை வாக்கியத்தில் ஓட்டிப் பார்த்தேன்:

கோபால்ட் விலை ஏறினால் கையகழ்வு பெருகும், விழுந்தால் சுருங்கும்.

2018இல் விலை டன்னுக்கு 90,000 டாலரைத் தாண்டியபோது கையகழ்வுக் கனிமம் வாங்கும் கிடங்குகள் சாலையோரமெங்கும் முளைத்தன.

கையகழ்வுக் கோபால்ட்டும் பெருஞ்சுரங்கக் கோபால்ட்டும் சுத்திகரிப்புக்குள் போனபின் பிரித்தறிய முடியாது. உலகக் கோபால்ட் சுத்திகரிப்பில் பெரும்பகுதி சீனாவில் நடக்கிறது.

கையகழ்வுக் கனிமத்தை வாங்கி விற்கும் தனியுரிமையோடு காங்கோ அரசு 2019இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது.

நான்கிலும் சொல் இடறவில்லை. மூன்றாவது வாக்கியத்துக்காகத்தான் நமக்கு இந்தச் சொல் தேவையே படுகிறது. மின்கலத்தின் மூலப்பொருளைத் தோற்றுவாய் வரை தேடிக் காட்டச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 மின்கல ஒழுங்குவிதியைப் பற்றி எழுதும்போது, எந்த இரண்டு ஓடைகள் எங்கே கலக்கின்றன என்று வாசகருக்குச் சொல்லியாக வேண்டும். ஓடைகளுக்குத் தனித்தனிப் பெயர் இல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். ழகரம் தேயும் வாயில் 'அகழ்வு' என்பது 'களவு' போல ஒலிக்கும். வானொலிக்கு எழுதும் நண்பர் இதைத் தனிமடலில் சுட்டினார். ஏற்கெனவே திருட்டுப் பட்டம் சுமக்கும் மக்களைப் பற்றிய சொல்லில் இப்படி ஒரு மயக்கம் வரக்கூடாதுதான். இரண்டு நாள் இதிலேயே கிடந்தேன். 'கைத்தோண்டல்' என்று மாற்றிப் பார்த்தேன். பேச எளிது, ஆனால் 'கைத்தோண்டல் மண்டலம்', 'கைத்தோண்டல் கோபால்ட்' என்று நீட்டினால் நொண்டுகிறது. ஒலிபரப்பில் முதல்முறை வரும்போது 'கையால் தோண்டும் கையகழ்வு' என்று சேர்த்துச் சொன்னால் போதும் என்று முடிவுக்கு வந்தேன். இலங்கையில் இத்தனை காலம் 'மணல் அகழ்வு' என்று எழுதியும் வாசித்தும் வருகிறார்கள். யாரும் மணல் களவு என்று மயங்கியதாகத் தெரியவில்லை.

ஆளைக் குறிக்க: கையகழ்வோர். 'கையகழ்வாளர்' என்று முதலில் எழுதியிருந்தேன். 'ஆளர்' வந்தால் அலுவலக வாடை அடிக்கிறது. கொல்வேசியில் அவர்கள் தங்களைத் 'தோண்டுபவர்' என்ற பொருள்தரும் பிரெஞ்சுச் சொல்லால்தான் சொல்லிக்கொள்கிறார்கள். நம் 'அகழ்வோர்' அதற்கு நேர்.

பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன், திருத்தம் இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள்:

கையகழ்வு (பெயர்): பெருமுதலும் பெரும்பொறிகளும் இன்றி, முதன்மையாகக் கைக்கருவிகளைக் கொண்டு மனித உழைப்பால் கனிமம் எடுத்தல். உரிமத்தோடு நடப்பதையும் உரிமமின்றி நடப்பதையும் குறிக்கும். எதிர்: பெருஞ்சுரங்கத் தொழில்.

அடுத்து 'நெகோசியான்'. குழியடியில் சாக்குக் கணக்கில் கனிமத்தை வாங்கி, கிடங்கில் கொண்டுபோய் விற்பவர். வரைவில் 'இடைத்தரகர்' என்று இருக்கிறது. தரகர் கைமாற்றிவிட்டுத் தரகு வாங்குவார், சரக்கு அவருடையதாகாது. இவர் தன் பணத்தைப் போட்டு வாங்குகிறார். கிடங்கில் தரம் பார்க்கும் கருவி குறைத்துக் காட்டினால் நட்டமும் அவருக்கே. மண்டியில் கொள்முதல் வியாபாரிக்கும் கமிஷன்காரருக்கும் என்ன பெயர் வைத்துப் பிரிக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி மண்டி அறிந்த யாராவது குழுவில் இருப்பீர்கள். இதற்குத் தனி இழை திறந்துவிடுகிறேன்.

அன்புடன்.