முதல் மஸில் கார்: எங்கே பார்த்தீர்கள், எப்படி வாங்கினீர்கள்?

மிச்சிகனிலிருந்து:

மஸில் கார், அதாவது பெரிய இன்ஜின் வைத்த பழைய அமெரிக்க வேகக் கார் பற்றி மஸ்டாங்காரர்களும் கமாரோகாரர்களும் நிறைய எழுதிவிட்டீர்கள். ஒரு போண்டியாக் கதையும் இருக்கட்டும். என்னிடம் இருப்பது 1968 ஜிடிஓ. பச்சை நிறம், 400 கன அங்குல வி8, ஆட்டோமேட்டிக்.

வேலைக்காக டெட்ராய்ட் பக்கம் வரும்வரை எனக்குக் கார் என்றால் போக வர ஒரு வண்டி, அவ்வளவுதான். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் ட்ரீம் குரூஸ் நடக்கும், 1995இலிருந்து நடக்கிறது. கூட வேலை செய்பவர் ஒருவர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சாலையோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால் இருட்டும்வரை பழைய கார்கள் ஊர்ந்துகொண்டே இருக்கும். சிக்னலில் ஒரு ஜிடிஓ நின்றது. ஓட்டியவர் ஆக்ஸிலரேட்டரைச் சும்மா ஒரு தட்டுத் தட்டினார். கார் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. இன்ஜின் முறுக்குகிற முறுக்கில் உடம்பே அசைகிறது! அதற்குப் பிறகு வேறு எந்தக் காரிலும் என் மனசு நிற்கவில்லை.

அப்புறம் படிக்க ஆரம்பித்தேன். இந்தக் கார் பிறந்த விதமே சாமர்த்தியமானது. நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. அதன் பிரிவான போண்டியாக்கில் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவர் குழுவினரும் 1964 டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற நடுத்தரக் காரில் 389 கன அங்குல இன்ஜினைப் பொருத்தினார்கள். புது மாடல் என்றால் மேலிடத்தில் கேள்வி வரும். அதனால் ஜிடிஓ என்பதைக் கூடுதல் விலைக்குக் கிடைக்கும் ஆப்ஷனாக விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். வாங்குகிறவருக்கு இதில் ஒரு சங்கதி இருக்கிறது. 1964, 1965 வண்டிகளின் வின் எண்ணை (ஒவ்வொரு காருக்கும் ஆலை கொடுக்கும் அடையாள எண்) பார்த்து ஜிடிஓதானா என்று சொல்ல முடியாது. 1966இல் தனி மாடலாக ஆனது, அதிலிருந்து எண் 242 என்று தொடங்கும். முதல் முறை வாங்குபவன் நான். அதனால் 1966க்குப் பிறகு வந்தது மட்டும் போதும் என்று முடிவு செய்துகொண்டேன்.

முதலில் பார்க்கப்போன கார் சிவப்பு. பெயின்ட் அப்படிப் பளபளத்தது. கண்ணாடி வழியாக டாஷ்போர்டு ஓரத்துத் தகட்டைப் பார்த்தேன். எண் 237 என்று தொடங்கியது. அது லெமான்ஸ். பின்சக்கரத்துக்குப் பின்னால் துணி சுற்றிய காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. உள்ளே இரும்பு இல்லை, பட்டிதான். லெமான்ஸை ஜிடிஓ மாதிரி மாற்றி ஓட்டுவதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் ஜிடிஓ என்று சொல்லி ஜிடிஓ விலை கேட்பது அநியாயம். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

என்னுடைய காரை ஒரு பெரியவரின் வீட்டு கராஜில் பார்த்தேன். ஆட்டோ ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். 1971இல் அதை ஓர் இளைஞனிடமிருந்து வாங்கியிருக்கிறார். மஸில் காருக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் கண்டபடி ஏற்றிய காலம் அது. இளம் வயதுக்காரர்களுக்குக் கார் தவணையோடு அதையும் கட்டி மாளவில்லை, அந்தப் பையனும் விற்றுவிட்டான். பெரியவரிடம் ஒரு சின்ன நோட்டு இருந்தது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்தையும், அப்போது ஓடியிருந்த மைலையும் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தால், 1973 கடைசியிலிருந்து சில மாதங்களுக்கு ஒரு வரிகூட இல்லை. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்திய குளிர்காலம். நான் விரலை வைத்த இடத்தைப் பார்த்துவிட்டு, “பங்க்கில் வரிசையில் நிற்க இந்தக் கார் லாயக்கில்லை” என்றார்.

பெயின்ட் மங்கிப் போயிருந்தது. 1968 ஜிடிஓவின் முன்பக்கத்தில் வழக்கமாகக் குரோம் பம்பர் கிடையாது. எண்டூரா என்ற ரப்பர் மாதிரியான பொருளில் செய்து, காரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்த மூக்கு. அடித்தாலும் நசுங்காது என்று அந்தக் கால விளம்பரங்களில் அடித்தே காட்டினார்கள். நசுங்காதுதான், ஆனால் வயதானால் மேலே இருக்கும் பெயின்ட் வெடிக்கும். இதிலும் மெல்லிய கோடு கோடாக வெடித்திருந்தது. பானெட்டின் மேலேயே, கண்ணாடிக்கு வெளியே, இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஒரு டேகோமீட்டர். விளக்குகளை மறைக்கும் மூடிகள் வேக்குவத்தில், அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சும் விசையில், திறப்பவை. பெரியவர் சுவிட்சை இழுத்ததும் வலதுபக்க மூடி உடனே திறந்தது. இடதுபக்கம் தூக்கக் கலக்கத்தில் எழுந்திருக்கும் குழந்தையின் கண் மாதிரி மெதுவாக, பாதியில் ஒரு தடவை நின்று, அப்புறம் திறந்தது. அங்கேயே நான் காலி. ஆனாலும் காந்தத்தை எடுத்துக்கொண்டு கீழே படுத்தேன்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். இன்ஜினைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். புகை விட்டால், ஆயில் ஒழுகினால், பிரித்துச் சேர்க்க ஆளும் உதிரிபாகமும் அமெரிக்கா முழுக்கக் கிடைக்கும். துருப்பிடித்த உடம்புதான் ஆளை முழுங்கும். டிக்கிக்குள் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பின்கண்ணாடியின் கீழ் ஓரத்தை விரலால் தடவுங்கள். கண்ணாடி ஓரத்து உலோகப் பட்டைக்கு அடியில் தண்ணீர் தேங்கி, தகட்டை அரித்து, டிக்கிக்குள் இறங்கும். பின்சக்கர வளைவு, கதவின் அடிப்பக்கம், சேசிஸின் பின்பகுதி எல்லாவற்றையும் பாருங்கள். மிச்சிகனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புப் போடுவதால் இங்கே இது இன்னும் முக்கியம். என் காரில் டிக்கித் தளத்தில் கொஞ்சம் மேல்துரு இருந்தது, மற்றபடி கெட்டி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் லேசாக நீலப்புகை வந்தது. வால்வு சீல் தேய்ந்திருக்கிறது, பரவாயில்லை.

ஸ்டார்ட் செய்வதையே அவர்தான் கற்றுக்கொடுத்தார். குளிர்ந்த இன்ஜின் என்றால் ஆக்ஸிலரேட்டரை ஒரு முறை தரைவரை மிதித்துவிட்டு விட வேண்டும். அப்போதுதான் கார்புரேட்டரின் காற்று வழியை அடைக்கும் சோக் மூடும். அப்புறம் சாவி. பச்சைப் பெட்ரோல் வாடை, ஒரு நடுக்கம், பிறகு அந்தச் சத்தம்.

ஓட்டச் சொன்னார். பிரேக் நான்கும் டிரம், அதனால் நிறுத்த வேண்டிய இடத்தை முன்கூட்டியே யோசித்துவிட வேண்டும். குவாட்ராஜெட் கார்புரேட்டரில் முன்னால் இரண்டு சின்னத் துவாரம், பின்னால் இரண்டு பெரியது. சாதாரணமாக ஓட்டும்போது சின்னவை மட்டுமே வேலை செய்யும். நெடுஞ்சாலையில் ஏறும்போது அவர் தலையை ஆட்டினார், நான் அழுத்தினேன். பெரிய துவாரங்கள் திறந்ததும் சத்தம் மாறியது. ஆழமான ஒரு உறுமல், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. 350 குதிரைத்திறன் என்று காகிதம் சொல்கிறது. அது 1972க்கு முந்தைய கணக்கு. சைலன்சர், ஏர் ஃபில்டர் எதுவும் மாட்டாமல் இன்ஜினைத் தனியாக வைத்து அளந்தது. உண்மையில் சக்கரத்துக்கு அதைவிடக் குறைவாகத்தான் வரும். எனக்கு அது தாராளமாகப் போதும்.

பணம் கொடுக்கும் முன்பு இன்னொரு வேலையும் செய்தேன். வின் எண்ணைக் கொடுத்தால் ஆலையின் பழைய பில் நகலை எடுத்துக் கொடுக்கும் போண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனம் இருக்கிறது. காகிதம் வந்தது. டேகோமீட்டர், விளக்கு மூடி, கியர், எல்லாம் ஆலையிலிருந்து வந்தவையே. போண்டியாக் பார்ப்பவர்கள் இந்தக் காகிதம் இல்லாமல் வாங்காதீர்கள்.

வாங்கிய பிறகு பெட்ரோல் ஹோஸ்களை மாற்றினேன். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரை அரித்துவிடும். இந்த இன்ஜினின் கேம்ஷாஃப்டுக்கு ஜிங்க் கூடுதலாக உள்ள ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஹிஸ்டாரிக் நம்பர் பிளேட் வாங்கினேன். 25 வயதைத் தாண்டிய காருக்கு இங்கே அது கிடைக்கும். அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது, கண்காட்சி, அணிவகுப்பு மாதிரியானவற்றுக்கு மட்டும்தான். ஆனால் ஆகஸ்ட் மாதத்துக்கு மட்டும் சட்டமே விலக்குக் கொடுக்கிறது. அந்த மாதம் முழுக்க அலுவலகத்துக்கே அதில்தான் போகிறேன்.

—

கலிஃபோர்னியாவிலிருந்து:

நண்பர் லெமான்ஸ் பற்றி எழுதியதால் நானும் சொல்கிறேன். என்னுடையது செவ்ரோலெட்டின் 1969 செவல் மாலிபு. யாரோ முன்பே எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட், அதன் வேக வகை) பட்டை, பேட்ஜ் எல்லாம் போட்டுவிட்டார்கள். 1969இல் எஸ்எஸ் 396 தனி மாடலாக இல்லை, ஆப்ஷன். வின் எண் உதவாது. விற்றவர் நேர்மையானவர், “இது மாலிபுதான், எஸ்எஸ் இல்லை” என்று முதல் பேச்சிலேயே சொல்லி மாலிபு விலையே கேட்டார். எஸ்எஸ் என்று யாராவது விற்றால், எந்தெந்தப் பாகம் மாட்ட வேண்டும் என்று ஆலையில் எழுதிய பில்ட் ஷீட் இருக்கிறதா என்று கேளுங்கள். சில சமயம் பெட்ரோல் டேங்கின் மேலேயே ஒட்டிக்கொண்டு கிடைக்கும். பார்க்காமல் நம்ப வேண்டாம்.

எனக்கு அசல், நகல் கவலையே இல்லை. அசலாக இருந்தால் கீறல் விழுமோ என்று பயந்து பயந்து ஓட்டியிருப்பேன். இதைக் கடற்கரைச் சாலையில் மகளோடு போய் நிறுத்தி, ஐஸ்கிரீம் சிந்தினாலும் துடைத்துவிட்டு வருகிறேன். இங்கே 1975 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்கு ஸ்மாக் பரிசோதனை (புகை மாசுச் சோதனை) இல்லை என்பதும் ஒரு நிம்மதி.

—

டெக்சஸிலிருந்து:

நான் பிளைமவுத் கட்சி. 1968 ரோட் ரன்னர், 383 இன்ஜின். கார்ட்டூன் பறவையின் பெயருக்கும் படத்துக்கும் வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அதன் சிக்கனம். உள்ளே ஆடம்பரம் எதுவும் இல்லை, நீளச் சீட்டு, ரப்பர் விரிப்பு. கொடுத்த காசெல்லாம் இன்ஜினுக்குப் போயிருக்கிறது. ஆரம்ப விலை 3,000 டாலருக்குள். ஆலையில் வேலை செய்கிறவர் வாங்கக்கூடிய விலையில் வேகம். அந்த எண்ணத்துக்காகவே எனக்கு இந்தக் கார் மேல் மரியாதை.

ஹாரனை அழுத்தினால் “பீப் பீப்” என்று கார்ட்டூன் மாதிரியே கேட்கும். தெருப் பிள்ளைகள் அதற்காகவே வாசலில் காத்திருப்பார்கள்.

ஒரு கேள்வி. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போடலாம் என்று இருக்கிறேன். பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். பழைய 14 அங்குல ரிம்மையே வைத்துக்கொண்டு போட்டவர்கள் யாராவது இருந்தால், டிஸ்க்கைப் பிடிக்கும் காலிபர் ரிம்மில் இடிக்கிறதா என்று எழுதுங்கள்.