கழிவுநீர்: நம் கரைக்குக் குழாயா, குழியா?

வாவிக்கரையான்:
கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் திடல்தான் நம் ஊர். வீட்டுக்கு ஒரு கிணறு, வீட்டுக்கு ஒரு மலக்குழி. எல்லா வீட்டுக் கழிவுநீரையும் குழாயில் சேர்த்து ஒரே இடத்தில் சுத்திகரிக்கும்படி பிரதேச சபைக்கு மனுக் கொடுக்கப் போகிறோம். மறுப்பவர்கள் காரணத்தைச் சொல்லுங்கள்.

மணல்வீடு:
நான் மறுக்கிறேன் அண்ணன். கழிவு தானாக ஓடச் சரிவு வேண்டும். நம் நிலமோ மட்டம். ஆகவே இடைக்கிடை பம்பி, அதற்கு மின்சாரம், அதைப் பார்க்க ஆள். மாரியில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். புதைத்த குழாயில் ஒரு மூட்டு விலகினாலும் அது உள்ளே புகுந்து நிலையத்தைத் திணறடிக்கும். பம்பி நின்ற அன்று தாழ்ந்த வளவுக்காரரின் முற்றத்தில்தான் பொங்கும்.

வாவிக்கரையான்:
இப்போது எங்கே போகிறது தம்பி? கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடி விடச் சொல்கிறார்கள். 10 பேர்ச் வளவு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடி. வீட்டையும் கட்டி அந்த இடைவெளியையும் எப்படி விடுவது? விட்டாலும், வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் குழி இருக்கிறதே! மணல் கிருமியை ஓரளவு வடிகட்டும், கழிவிலிருந்து நீரில் கரையும் நைத்திரேற்று உப்பைக் கிணற்றுக்குப் போகவிடும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தைக்கு ஆபத்து. கொதிக்க வைத்தால் அது குறையாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

மணல்வீடு:
உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வருகிறதே, அதைக் குடிக்கலாமே.

சமையற்கட்டு:
குடிக்கலாம் தம்பி. ஆனால் குழாய்நீர் வந்தபின் வீட்டில் செலவாகும் தண்ணீர் கூடியிருக்கிறது. அத்தனையும் அதே பழைய குழிக்குள்தானே இறங்குகிறது? ஆண்கள் கிணற்றைப் பற்றியே பேசுகிறீர்கள். மார்கழி மழையில் குழி நிரம்பி மலசலகூடம் போக முடியாமல் தவிப்பது யார்?

கரைவலை:
குழாய் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சுத்திகரித்த நீரை எங்கே விடுவீர்கள்? வாவிக்குள் என்றால் நான் எதிர்ப்பேன். கோடையில் முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும், நீர் வெளியேற வழியில்லை. கண்ணுக்குத் தெளிந்த நீரிலும் நைதரசனும் பொசுபரசும் மிச்சமிருக்கும். பாசி பெருகும், இரவில் ஒட்சிசன் குறையும், மீன் செத்து மிதக்கும். அப்போது மனுக் கொடுக்க எங்களைத்தான் அலையவிடுவீர்கள்.

மணல்வீடு:
அதனால்தான் சொல்கிறேன். அடி திறந்த குழியை மூடிவிட்டு, கசியாத இரண்டு அறைத் தொட்டி கட்டுவோம். அதிலிருந்து வடியும் நீரை, நிலமட்டத்துக்கு மேலே சரளையும் நாணலும் இட்ட படுகையில் விடலாம். நாலைந்து வீடு சேர்ந்தால் ஒரு படுகை போதும், பெரிய பம்பி வேண்டியதில்லை.

வாவிக்கரையான்:
நாலைந்து வீட்டுக்காரர் ஒரு வேலிக்கே சண்டை பிடிக்கிற ஊர் இது. நாணலை யார் வெட்டுவது? தொட்டியில் சேரும் சேற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பவுசர் என்ற தொட்டி வண்டியில் எடுக்க வேண்டுமே, அந்தக் காசு?

கரைவலை:
காசு கிடக்கட்டும். பவுசர்க்காரர் அதைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவார்? குழாய்க் கட்சி, குழிக் கட்சி இரண்டுமே முதலில் அதை மனுவில் எழுதுங்கள். எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன்.