பேஸ், ட்ரெபிள்: இரு குமிழ்களுக்கு ஏற்ற சொல்லிணை எது?

மடல் 1 – மொழிபெயர்ப்பாளர்

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம். வீட்டு ஸ்டீரியோ பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்) ஒன்றின் பயனர் கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர ஒப்புக்கொண்டுள்ளேன். அதன் முன்பலகையில், கனத்த கீழொலியைக் கூட்டிக் குறைக்கும் பேஸ், கூரிய மேலொலியைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் என இரு குமிழ்களும், அவ்விரண்டையும் ஒருசேர விலக்கிவிடும் பொத்தான் ஒன்றும் உள்ளன. உடன் பணிபுரியும் நண்பரோ, பதிவில் உள்ளது உள்ளபடியே ஒலிக்க வேண்டும், நல்ல பெருக்கிக்கு இக்குமிழ்களே வேண்டா, பிறகு கலைச்சொல் எதற்கு என்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏற்ற சொற்களைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

மடல் 2 – தமிழாசிரியர்

புதிதாகச் சொல் படைக்கத் தேவையே இல்லை, ஐயா. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ‘வலிவும் மெலிவும் சமனும்’ என்று மூன்றையும் ஓரிடத்திலேயே சொல்லிவிட்டது. மெலிவு என்பது தாழ்ந்த சுரங்களின் வரிசையான மந்தர ஸ்தாயி. வலிவு என்பது உயர்ந்த சுரங்களின் வரிசையான உச்ச ஸ்தாயி; அதைத் தார ஸ்தாயி என்றும் சொல்வர். குமிழ் நடுவில் நிற்கும் நிலை சமன். அதற்காக ‘தாரம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசையின் இறுதிச் சுரத்தோடு அது மயங்கும். நன்னூலின் எடுத்தல், படுத்தல் என்பவற்றிலிருந்து எடுப்பொலி, படுப்பொலி என ஆக்கலாம் எனினும், பழந்தமிழ் இசைக்கே உரிய சொல்லிணை கையில் இருக்கும்போது இலக்கணத்திடம் ஏன் கடன் கேட்க வேண்டும்?

மடல் 3 – ஒலிக்கருவி பழுதுபார்ப்பவர்

ஆசிரியர் ஐயாவின் புலமையை வணங்குகிறேன். ஆயினும், ‘மெலிவு’ என்று எழுதிய குமிழைக் காண்பவர் அது சத்தத்தைக் குறைப்பது என்றே கொள்வார். தவில் அதிர வேண்டும் என்று விரும்புபவரின் கை ‘வலிவு’ என்ற குமிழுக்குத்தான் போகும். அவருக்குக் கிடைப்பதோ ஜால்ராவின் கூர்மை. நன்னூலே வல்லினத்துக்கு நெஞ்சைப் பிறப்பிடமாகச் சொல்கிறது; நெஞ்சிலிருந்து எழும் ஒலியைத் தமிழ்க் காது கனத்த ஒலியாகவே அறியும்.

இதைவிடப் பெரிய தடை ஒன்றுண்டு. ஸ்தாயி என்பது சுரத்தின் இருப்பிடம். இக்குமிழ்கள் சுரத்தைத் தொடுவதில்லை. ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் ஒரு பெண்ணின் தார பஞ்சமம், அதாவது உச்ச ஸ்தாயியின் ‘ப’, ஏறக்குறைய 590 ஹெர்ட்ஸ்தான். ட்ரெபிள் குமிழோ பெரும்பாலும் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல், 10,000 ஹெர்ட்ஸ் அளவில்தான் முழு வீச்சில் வேலை செய்கிறது. அங்கே இருப்பவை சலங்கையின் சிலிர்ப்பும், ‘ஸ’கரத்தின் சீறலும், தந்தியை மீட்டும் விரல்நகத்தின் உரசலும். அவற்றை உச்ச ஸ்தாயி என்பது பிழை.

குமிழ்கள் வேண்டா என்ற நண்பருக்கு ஒரு சொல். இரவில் வீட்டார் உறங்கியபின் ஒலியைத் தாழ்த்தி நாகசுரக் கச்சேரி கேட்டுப் பாருங்கள். நாகசுரம் காதில் விழும், தவிலின் கனத்து ஒலிக்கும் பக்கமான தொப்பி காணாமற் போகும். பெருக்கியின் குறையன்று அது. ஒலி தாழத் தாழ நம் செவி கீழ் அதிர்வெண்களைக் கூடுதலாக இழக்கிறது என்பதைப் ஆய்வாளர்கள் பிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினர். ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் இதற்கு நேர்மாறாகக் கீழொலி குவிந்து குமுறும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளையோ, ஒவ்வொரு நிறுவனமும் கீழொலி, மேலொலி அளவுகளை ஒவ்வொரு விதமாக வைத்துப் பதிந்தது. குமிழில்லாமல் அவற்றைச் செவ்வையாகக் கேட்பது கடினம். பொறியாளர் பீட்டர் பாக்ஸண்டால் 1952இல் வெளியிட்ட பேஸ், ட்ரெபிள் குமிழ்களுக்கான மின்சுற்று இன்றுவரை பயன்பட்டு வருவதற்குக் காரணம் இத்தேவைதான். உள்ளது உள்ளபடி என்பது அறைக்கும் செவிக்கும் பொருந்த வேண்டுமல்லவா?

என் பரிந்துரை அடியொலி, நுனியொலி. கரும்புக்கு அடியும் நுனியும் உள்ளதைப் போல ஒலிக்கும் உண்டு. அடித்தொண்டை என்ற வழக்கு ‘அடி’க்குத் துணை நிற்கிறது.

மடல் 4 – யாழ்ப்பாணத்திலிருந்து

அடியொலி என்றால் எங்கள் மாணவர் காலடி ஓசையை நினைப்பர். இலங்கைப் பாடநூல்களில் அதிர்வெண்ணை மீடிறன் என்கிறோம். மீள், திறன் என்பவை புணர்ந்த வினைத்தொகை அது. நெடிலைச் சார்ந்த ளகரம் கெட்டுத் தகரம் டகரமானது. ஆகவே தாழ்மீடிறன், உயர்மீடிறன் என்பவையே ஐயத்துக்கு இடமில்லாதவை. முன்பலகையில் இடம் போதாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மடல் 5 – மொழிபெயர்ப்பாளர்

வியாழன் இரவு ஆகிவிட்டது. இங்கே மடல் எழுதியவர்களோடு குழுவில் பிறரையும் சேர்த்துக் கருத்துரைத்தோருள் பெரும்பாலோர் அடியொலி, நுனியொலி என்னும் இணையையே ஏற்றுள்ளதால் அதையே எழுதி, முதன்முறை வருமிடத்தில் பேஸ், ட்ரெபிள் என்பவற்றையும் தமிழ் எழுத்திலேயே உடன் தந்திருக்கிறேன். மீடிறன் கையேட்டின் அளவைப் பட்டியலில் அதிர்வெண்ணோடு சேர்ந்து இடம்பெறுகிறது. மெலிவு, வலிவு என்பவற்றைக் கைவிட்டது தவறு என்று ஆசிரியர் ஐயா தனிமடலில் மீண்டும் எழுதியுள்ளார். அவர் இசைவுடன் அம்மறுப்பை இங்கே பதிகிறேன். குமிழ்களை விலக்கும் பொத்தானுக்கு ‘நேரொலி’ என்று எழுதி வைத்துள்ளேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் நாளைக் காலை பத்து மணிக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்.