புதுப்பிப்பு: கலந்து கிடந்த அலுமினியக் குவியலைப் பிரித்த கதை

ஜன்னல் சட்டம், என்ஜின் பாகம், தகடு எல்லாம் ஒன்றாகக் கிடக்கிறது, எப்படிப் பிரிப்பது என்று போன முறை கேட்டிருந்தேன். காஸ்டிக் சோடா சொட்டுச் சோதனையை (உலோகத்தில் ஒரு சொட்டு காஸ்டிக் சோடா கரைசல் விட்டு, மாறும் நிறத்தை வைத்து வகையை அறிவது) சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. வேலை செய்தது.

முதலில் காந்தத்தை ஓட்டி இரும்புத் திருகுகளை எடுத்தேன். இரும்பு உருகிக் கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. பிறகு ஒவ்வொரு துண்டிலும் அரத்தால் ஓரிடத்தைப் பளிச்சென்று தேய்த்து ஒரு சொட்டு விட்டேன். நுரைத்து வரும் குமிழி ஹைட்ரஜன். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டு, காற்றோட்டமான இடத்தில், நெருப்பை அண்டவிடாமல் செய்யுங்கள். கழுவிப் பார்த்தால் 6063 ஜன்னல் சட்டம் (இந்த எண்களெல்லாம் அலுமினியக் கலவை வகைகளின் பெயர்கள்) வெள்ளையாகவே இருந்தது. 7 சதவீதம் அளவுக்கு சிலிக்கான் உள்ள ஏ356 வார்ப்புச் சக்கரம் சாம்பல் நிறமானது. செம்பு கலந்த 2024 தகடு கரிபோலக் கறுத்தது.

7075-உம் கறுத்தது. அதிலும் செம்பு இருக்கிறதே! அதை 2024-இலிருந்து இந்தச் சொட்டால் பிரிக்க முடியாது. அந்த இரண்டையும் தனியே கட்டி வைத்திருக்கிறேன்; உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரே கருவியில் துத்தநாகம் பார்த்த பிறகுதான் (அது அதிகமிருந்தால் 7075) உருக்கும் உலைக்குப் போகும்.